கையொப்பம் சரியாகத்தான் இருந்தது

கணினிப் பாதுகாப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எக்ஸ்இசட் கதையைத்தான் சொல்வேன். லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்துப் பிழைப்பவன் என்ற முறையில் எத்தனையோ அசம்பாவிதங்களைப் பார்த்தாயிற்று. பாஸ்வேர்டை அட்மின்123 என்று வைத்தவர்கள், வருடக்கணக்கில் அப்டேட்டே செய்யாதவர்கள், டேட்டாபேஸை இணையத்தில் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள். அதிலெல்லாம் ஒரு ஆறுதல் உண்டு. தப்பு எங்கே நடந்தது என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம். எக்ஸ்இசட்டில் அந்த ஆறுதல் கிடையாது. யாரும் எதையும் உடைக்கவில்லை. பாஸ்வேர்ட் திருடு போகவில்லை, குறியாக்கம் தோற்கவில்லை. பாதுகாப்புக்காக இந்தத் துறை வைத்திருக்கும் சோதனைகள் ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓடி, எல்லாம் சரி என்று சொல்லி, திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் ஒரு பின்கதவை உள்ளே அனுப்பிவைத்தன.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு பேக்கேஜை நிறுவும்போது உள்ளே சுருட்டி வைத்ததைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் அதன் நூலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் பகுதிதான். இதைப் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின். சம்பளம் கிடையாது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருக்கும் ஒரு நூலகம், ஒருவருடைய ஓய்வு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். சின்னச் சின்னத் திருத்தங்கள், உருப்படியானவை. 2022இல் வேறு சில பெயர்கள் வந்தன. ஜிகர் குமார் என்று ஒருவர், டென்னிஸ் என்ஸ் என்று ஒருவர். இவர்கள் நிரல் எதுவும் எழுதவில்லை, குறைதான் சொன்னார்கள். திருத்தங்கள் ஏன் இத்தனை நாள் கிடப்பில் கிடக்கின்றன, புதுப் பராமரிப்பாளர் வராமல் இது தேறாது என்று மாற்றி மாற்றி மெயில். காலின் பொறுமையாகப் பதில் எழுதினார்: ஆர்வம் போய்விடவில்லை, நீண்ட காலமாக மனநலப் பிரச்சினைகள் இருப்பதால் முன்போல் கவனிக்க முடியவில்லை, தவிர இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. அதற்கு வந்த பதில்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் மனநலம் குறித்து வருந்துகிறேன், ஆனால் உங்கள் எல்லைகளை நீங்கள் உணர்ந்துகொள்வது முக்கியம் என்று எழுதினார் அந்த டென்னிஸ் என்ஸ். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் யாரும் இருந்ததாக இதுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை. களைத்துப் போன ஒரு மனிதரை நாலு பக்கமும் நெருக்கி, உதவ வந்த நல்லவராக ஜியா டானை எதிரே நிறுத்தினார்கள்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2023இலிருந்து புதிய பதிப்புகளை அவரே வெளியிட்டார், தம் சாவியால் கையொப்பமிட்டு. இந்த டிஜிட்டல் கையொப்பம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பு இந்தச் சாவியை வைத்திருப்பவரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் கை வைக்கவில்லை. அவ்வளவுதான். அதைச் சொல்வதில் அதன் கணிதம் அசைக்க முடியாதது. 2024 பிப்ரவரி 24 அன்று வெளியான 5.6.0 பதிப்பும், மார்ச் 9 அன்று வந்த 5.6.1 பதிப்பும் ஜியா டானிடமிருந்துதான் வந்தன. வழியில் யாரும் கை வைக்கவில்லை. கையொப்பம் பொய் சொல்லவில்லை. ஜியா டான் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது.

பின்கதவை ஒளித்த விதத்தில் ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது, எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்துவைத்த கோப்புகள் தேவை. கெட்ட கோப்பைக் கொடுத்தால் நிரல் நொறுங்காமல் சமாளிக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? அப்படிப்பட்ட சோதனைக் கோப்புகளுக்குள் பின்கதவின் உடலை வைத்தார். எண்களின் குப்பையாகத் தெரியும் கோப்பை யார் திறந்து படிப்பார்கள்? அதை எடுத்து உயிர் கொடுக்கும் வரி, எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைக்கும் மூட்டையில் மட்டும் இருந்தது. மூட்டையில் களஞ்சியத்தில் இல்லாத சில தானியங்கிக் கோப்புகள் இருப்பது வழக்கம் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அது டெபியன் அல்லது ரெட்ஹேட் பாணிப் பேக்கேஜாகக் கட்டப்படும்போது மட்டும்தான் விழிக்கும். நீங்கள் வீட்டில் மூலநிரலைக் கையால் கம்பைல் செய்து ஓடும் நிரலாக்கினால் ஒன்றும் நடக்காது. ஓடும்போதும், தன்னை ஓட்டுவது, தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர்தானா, யாராவது டெர்மினலில் உட்கார்ந்து நோட்டம் விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஆராய்கிறவர் கண்ணெதிரே நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஒரு முற்றுப்புள்ளியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் லேண்ட்லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு நிரல் தனக்குத் தேவையில்லாத கோப்புகளைத் தொட முடியாதபடி தானே வேலி போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்இசட்டைக் கட்டும்போது அந்த வசதி கணினியில் உண்டா என்று பார்க்க, சில வரிகளில் ஒரு குட்டி நிரலை எழுதி கம்பைல் செய்து பார்ப்பார்கள். கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை என்று அர்த்தம். ஜியா டான் அந்தக் குட்டி நிரலில் காலியான ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தார். அவ்வளவுதான். இலக்கணப் பிழை, எந்தக் கணினியிலும் அது கம்பைல் ஆகாது. எனவே அந்தச் சோதனையை நம்பிக் கட்டிய எந்தக் கணினியிலும் வேலி கிடையாது. பிழைச்செய்தி வராது, ஏனென்றால் கம்பைல் ஆகாமல் போவது அந்த இடத்தில் எதிர்பார்க்கப்பட்ட விடைகளில் ஒன்று. அந்த மாற்றத்தை நான் பிறகு திறந்து பார்த்தேன். புள்ளி இருக்கும் இடம் தெரிந்தும் கண் இரண்டு முறை தாண்டிப் போனது. திரையில் ஒட்டிய தூசி மாதிரி இருக்கிறது. நிரலை இரண்டாவது ஆள் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்ற விதி எங்கள் துறையில் வேதவாக்கு. அந்த விதியை வகுத்தவர்கள், எழுதியவர் நேர்மையாகத் தவறு செய்திருப்பார் என்ற நினைப்பில் வகுத்தார்கள்.

எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. எஸ்எஸ்ஹெச் சர்வர் நிரலான ஓபன்எஸ்எஸ்ஹெச்சை எழுதும் ஓபன்பிஎஸ்டி ஆட்கள் தேவையில்லாத ஒரு வரியைக்கூட உள்ளே விடாத கஞ்சர்கள். அவர்கள் நிரலில் எக்ஸ்இசட் கிடையாது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற வினியோகங்கள், சர்வர் தயாராகிவிட்டது என்று, கணினியின் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்குத் தெரிவிப்பதற்காக அதில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டிருந்தன. தயார் என்று ஒரே ஒரு வரிச் செய்தி அனுப்ப சிஸ்டம்டியின் நூலகம் முழுவதும் உள்ளே வந்தது. அந்த நூலகம் பதிவேடுகளைச் சுருக்குவதற்காக எக்ஸ்இசட்டையும் கூடவே அழைத்து வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. மூன்றையும் கோத்துப் பார்த்தால், உலகத்தின் வாசற்கதவைக் காக்கும் நிரலுக்குள் ஒரு பொழுதுபோக்குத் திட்டம் உட்கார்ந்திருந்தது. இந்தக் கோடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஜியா டான் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

பின்கதவுக்கு ஒரு பூட்டும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். எட்448 என்ற வலுவான வகைச் சாவி ஒன்று தாக்குபவரிடம் இருந்தால்தான் அது திறக்கும். வேறு திருடன் எவனும் அதைப் பயன்படுத்த முடியாது. இணையம் முழுக்கத் துழாவினாலும் எந்தக் கணினியில் அது இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பாதுகாப்புப் பொறியியல் பாடத்தை வரிக்கு வரி படித்தவர்கள் எழுதியது அது.

பிடிபட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் மைக்ரோசாஃப்ட்டில் வேலை செய்பவர், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். டேட்டாபேஸின் வேகத்தில் நுணுக்கமான வித்தியாசங்களை அளப்பதற்காகத் தம் கணினியில் மற்ற சத்தங்களையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் சர்வர் தேவைக்கு அதிகமாகப் பிராசஸரைத் தின்றது. இணையத்தில் எந்நேரமும் யாராவது தப்பான பெயரில் உள்ளே வர முயன்றுகொண்டே இருப்பார்கள். அவை உடனே தோற்றுப் போக வேண்டும், தின்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அளந்து பார்த்தார். முன்பு 0.299 நொடி ஆன வேலை இப்போது 0.807 நொடி ஆனது. அரை நொடி. நாமாக இருந்தால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். சில வாரங்களுக்கு முன்பு நினைவகச் சோதனைக் கருவி ஒன்று கொடுத்த விநோதமான எச்சரிக்கை அவருக்கு ஞாபகம் வந்தது. நூல் பிடித்துப் போனார். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளி அன்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார். நான் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல என்று அந்த அறிக்கையிலேயே குறிப்பிட்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் எங்கள் டீமில் எல்லோரும் செய்தது ஒரே வேலை, பதிப்பு எண்ணைப் பார்ப்பது. டெபியன் 12இல் 5.4.1, உபுண்டு 22.04இல் 5.2.5. அப்பாடா. சிக்கியவை டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டம், ஓபன்சூசி டம்பிள்வீட், காலி போன்றவை. அதாவது உடனுக்குடன் அப்டேட் செய்பவர்கள். சீக்கிரம் அப்டேட் செய்யுங்கள் என்று வருடம் முழுக்க வாடிக்கையாளர்களைத் துரத்துபவன் நான். அன்று தப்பித்தது தாமதத்தால். அந்த நிம்மதியும் சாயங்காலம் வரை தாங்கவில்லை. 5.4 பதிப்புகளிலும் ஜியா டானின் கை இருந்தது. அவர் சேர்த்த மாற்றங்கள் நூற்றுக்கணக்கில். அவர் கை படாத பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்று டெபியனில் விவாதம் நடந்தது. எது நல்ல நாளில் எழுதியது, எது கெட்ட நாளில் எழுதியது என்று எப்படிப் பிரிப்பது?

அடுத்த சில மாதங்களில் எங்களுக்கு வந்த பாதுகாப்புக் கேள்விப் படிவங்கள் பருத்தன. பெரிய வாடிக்கையாளர்கள் வருடா வருடம் அனுப்பும் எக்ஸெல் கோப்பு அது. மென்பொருள் நம்பகமான இடத்திலிருந்து பெறப்படுகிறதா, கையொப்பம் சரிபார்க்கப்படுகிறதா, உள்ளே என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற உட்பொருள் பட்டியல் வைத்திருக்கிறீர்களா என்று வரிசையாகக் கட்டங்கள். நிரப்பிக்கொண்டே யோசித்தேன். உட்பொருள் பட்டியல் இருந்திருந்தால்? எக்ஸ்இசட் 5.6.1 என்று பிழையில்லாமல் பட்டியலிட்டிருக்கும். பிடிபட்ட பிறகு எங்கெங்கே இருக்கிறது என்று தேட அது உதவும், மறுக்கவில்லை. ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் ஒரே விளைவு வர வேண்டும் என்ற மறுஉருவாக்க முறை? அந்த மூட்டையிலிருந்து கட்டினால் பின்கதவும் துல்லியமாக மறுஉருவாகும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு? நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2023இல் நிரல் பங்களிப்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஜியா டானும் அந்தப் படியேறித்தான் வந்திருப்பார். கூகுளின் தானியங்கிச் சோதனைத் திட்டமான ஓஎஸ்எஸ்-ஃபஸ்? 2023 ஜூலையிலேயே அவர் அதில் ஒரு வசதியை நிறுத்தச் சொல்லித் திருத்தம் அனுப்பினார், பராமரிப்பாளரே கேட்கிறார் என்று ஏற்றுக்கொண்டார்கள். பின்கதவு பிற்பாடு கொக்கி போட்டது அந்த வசதியின் வழியாகத்தான்.

இந்தக் கருவிகளெல்லாம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்மின்123 ஆட்களிடமிருந்து தினமும் என்னைக் காப்பாற்றுவது இவைதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் மட்டும் கேள்வி கேட்கின்றன. வட்டத்துக்குள் கிடைக்கும் விடை எவ்வளவு உறுதியானதோ, அந்த அளவுக்கு வட்டத்துக்கு வெளியே பார்க்கும் எண்ணமே நமக்கு வராமல் போகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சுத்தமான உதாரணம் வைஃபை. நம் போனும் ரூட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒரு ரகசியச் சாவியை ஒப்புக்கொள்கின்றன. இந்த நான்கு படி முறை பாதுகாப்பானது என்பதற்குக் கணித நிரூபணமே இருந்தது, பத்தாண்டுக்கும் மேலாக. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் அதை உடைத்துக் காட்டினார். நிரூபணத்தில் பிழை கண்டுபிடிக்கவில்லை. நிரூபணம் இன்றும் சரிதான். மூன்றாவது செய்தி வந்ததும் போன் சாவியைப் பொருத்திக்கொள்ளும். அதற்கான பதில் வழியில் தொலைந்தால் ரூட்டர் மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பும். போன் அதே சாவியை மறுபடி பொருத்தும். அப்படிப் பொருத்தும்போது உள்ளே இருக்கும் எண்ணிக்கை மீண்டும் ஆரம்பத்துக்குப் போய்விடும். ஒரே சாவி, ஒரே எண் என்று இரண்டு முறை குறியாக்கம் செய்தால் கதை முடிந்தது. தாக்குபவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பதிலை வழிமறிப்பதுதான். சாவி ரகசியமாக இருக்கும் என்று நிரூபணம் சொன்னது, இருந்தது. சாவியை எத்தனை முறை பொருத்தலாம் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அதிலும் ஆண்ட்ராய்டு 6இன் கதி தனி. சாவியைப் பொருத்தியதும் நினைவகத்திலிருந்து அழித்துவிடுவது நல்ல பழக்கம், ரகசியத்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வது. தரக்குறிப்பிலேயே அந்த யோசனை இருந்தது, நிரலை எழுதியவர்களும் கீழ்ப்படிந்து அழித்தார்கள். மூன்றாவது செய்தி இரண்டாம் முறை வந்தபோது, சாவி இருந்த இடத்தில் இருந்தவை வெறும் பூஜ்யங்கள். போன் அந்தப் பூஜ்யங்களையே சாவியாகப் பொருத்திக்கொண்டது. சுத்தமாக இருந்தவன் மற்றவர்களைவிட மோசமாக அடிவாங்கினான்.

நிரலை வரிக்கு வரி படித்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு கென் தாம்சன் எண்பதுகளிலேயே பதில் சொல்லிவிட்டார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், கம்பைலரிலேயே ஒரு பின்கதவை வைக்கலாம், பிறகு அந்தக் கம்பைலரின் மூலநிரலிலிருந்து தடயத்தை முழுக்க அழித்துவிடலாம், ஆனாலும் அடுத்தடுத்து கட்டப்படும் ஒவ்வொரு கம்பைலருக்குள்ளும் அது தொற்றிக்கொண்டே போகும் என்று காட்டினார். நீங்களே முழுமையாக எழுதாத நிரலை நம்ப முடியாது என்பது அவர் முடிவு. முழுமையாக என்றால் கம்பைலர், அதைக் கட்டிய கம்பைலர், அடியில் இருக்கும் சிப் வரை. 2018 ஜனவரியில் சிப்களில் இருந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளிவந்தபோது சிப்பைப் பற்றிய பயமும் நிஜமானது.

இதையெல்லாம் சர்வர் ஆட்களின் புலம்பலாக ஒதுக்கிவிடலாம். திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு எக்ஸ்இசட்டும் தெரியாது, எஸ்எஸ்ஹெச்சும் தெரியாது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் கறார். அவருக்கு ஒரு வீடியோ கால் வந்தது. போலீஸ் சீருடையில் ஒருவர். உங்கள் ஆதாரை வைத்துப் பணமோசடி நடந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், போனை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டி வந்த அளவுக்கு நாடு முழுக்க நடந்த மோசடி இது. சித்தப்பா தம் போனில், தம் கைரேகையால் ஆப்பைத் திறந்து, தமக்கு வந்த ஓடிபியைத் தாமே போட்டுப் பணத்தை அனுப்பினார்.

வங்கியின் கணினி எதைச் சந்தேகப்படும்? அவருடைய போன், அவருடைய விரல், அவருடைய வீட்டு இணைப்பு. அனுப்பியது அவர்தானா என்ற கேள்விக்கு விடை ஆம்தான்.

அடுத்த தொகைக்கு வைப்பு நிதியை உடைக்க வேண்டும் என்பதால் கிளைக்கு நேரில் போனார். காதில் இயர்போன். கவுன்டரில் இருந்த பெண் சம்பிரதாயத்துக்கு ஏதோ கேட்டிருக்கிறார். வீடு வாங்குகிறேன் என்றார் சித்தப்பா. எந்த ஊரில் என்று கேட்டதும் கொஞ்சம் தாமதித்துப் பதில் சொன்னார். யார் பெயரில் என்றதற்கும் அதே தாமதம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார், "சார், காதுல யாரு பேசுறாங்க?" அந்தத் தொகை நின்றது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். முதலில் போனது போனதுதான். நான் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "நீ கம்ப்யூட்டர் செக்யூரிட்டிதானேடா பாக்குற? இதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?"

என்னிடம் பதில் இல்லை. பெரிய தொகை என்றால் சில மணி நேரம் தாமதப்படுத்தலாம், புதுக் கணக்குக்கு வரம்பு வைக்கலாம் என்று எதையோ சொன்னேன். அவையெல்லாம் உதவும்தான். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் பட்டது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதினால் அடுத்த மோசடிக்காரன் பதில்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புவான்.

எக்ஸ்இசட்டுக்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குப் பிடித்தவை எல்லாம் எதையாவது கழித்தவை. தேவைப்படும்போது மட்டும் சுருக்க நூலகங்களை அழைத்துக்கொள்ளும் மாற்றத்தை சிஸ்டம்டிக்காரர்கள் விஷயம் வெளியாவதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். அந்த வழி அடைபடப் போகிறது என்றுதான் ஜியா டான் அவசரப்பட்டார் என்று பலர் ஊகிக்கிறார்கள். தயார் என்று சொல்லும் அந்த ஒற்றை வரியை எந்த நூலகமும் இல்லாமல் தானே அனுப்பும் நிரலை ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8இல் சேர்த்தார்கள். பின்கதவு கொக்கி போட்ட வசதியையே காலின் எக்ஸ்இசட்டிலிருந்து நீக்கினார். ஆம், அவரேதான். விஷயம் வெளியானதும் கிட்ஹப் ஜியா டானின் கணக்கோடு காலினுடைய கணக்கையும் முடக்கியிருந்தது. அது திரும்பக் கிடைத்த பிறகு, உட்கார்ந்து இரண்டரை வருடத்து மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்து, மே மாதம் 5.6.2ஐ வெளியிட்டார். அவருக்கு அந்த வேலைக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

பணம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெர்மனி 2022இலிருந்து இதற்கென்றே அரசு நிதி வைத்திருக்கிறது. இந்தியாவில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு என்று ஒதுக்கியது. நல்ல விஷயம். ஆனால் பணம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஜியா டானுக்குப் பொறுமை இருந்தது, அவகாசம் இருந்தது, பின்னால் சம்பளம் கொடுக்க யாரோ இருந்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் பராமரிப்பாளருக்கு உதவியாளராகவும் அவர் சேர்ந்திருப்பார், நேர்காணலில் தேறியும் இருப்பார்.

அப்புறம் அதே வருடம் ஜூலை 1. மறுபடி எஸ்எஸ்ஹெச் சர்வர். இந்த முறை ஜியா டான் இல்லை, உளவாளி இல்லை. குறித்த நேரத்துக்குள் ஒருவர் லாகின் செய்யாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பகுதியில் ஒரு பழைய பிழை. 2006இலேயே சரிசெய்யப்பட்டது. 2020 அக்டோபரில் பதிவு எழுதும் நிரலைச் சீரமைத்தபோது, அந்தப் பிழையைத் தடுத்துவைத்திருந்த ஒரு சின்ன நிபந்தனை வரி தவறுதலாக நீங்கிவிட்டது. குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்து, 32 பிட் கணினியில் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகளில் முழு அதிகாரத்தோடு உள்ளே நுழைந்து காட்டினார்கள். உலகத்திலேயே கவனமாக எழுதப்படும் நிரல்களில் ஒன்று அது. எழுதியவர்களின் நேர்மையிலோ திறமையிலோ குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டரை வருடம் திட்டமிட்டு வைத்த பின்கதவு ஐந்து வாரம் தாங்கியது. யாரும் வைக்காத இந்த ஓட்டை மூன்றரை வருடத்துக்கும் மேல் கிடந்தது.

உடனே மேம்படுத்த முடியாத சர்வர்களுக்கு ஒரு மாற்று வழி சொன்னார்கள்: அந்தக் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் லாகின் செய்யாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் இணைப்புகளைத் துண்டிக்க ஆளில்லாமல், யார் வேண்டுமானாலும் சர்வரை முடக்கிவிடலாம். எந்த ஓட்டை வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். சில மெஷின்களில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒரு வாடிக்கையாளரிடம் சென்டோஸ் 7 என்ற பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது 2024 ஜூன் 30 அன்று, அதாவது இந்த ஓட்டை வெளியானதற்கு முந்தைய நாள். அதில் இருந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.4, பிழை திரும்பி வந்தது 8.5இல். ஒழுங்காக மேம்படுத்தி வைத்திருந்த மெஷின்களுக்கெல்லாம் நாங்கள் இரவு வரை பேட்ச் போட்டுக்கொண்டிருக்க, அந்த ஒன்று மட்டும் தொடத் தேவையில்லாமல் ஓடியது. ஆதரவு முடிந்த சர்வரை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அந்த வாரமே தணிக்கையாளரிடமிருந்து மெயில் வந்தது. அவர் கேட்டதும் நியாயம்தான். மாற்றிவிட்டோம்.